பாட்டி பிறந்தது பிரெஞ்சு ஆட்சியில், பேரன் பிறந்தது தமிழ்நாட்டில்: பிள்ளைச்சாவடி குடும்பங்கள் பிறப்புச் சான்றிதழை எங்கே தேடுவது?

புதுச்சேரியில் இருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் பிள்ளைச்சாவடிக்கு பஸ் ஏறினால், நடுவில் தமிழ்நாடு வந்துவிட்டுப் போகும். முத்தியால்பேட்டை தாண்டியதும் கோட்டக்குப்பம். அது விழுப்புரம் மாவட்டம். பொம்மையார்பாளையம் வரைக்கும் தமிழ்நாடுதான். அதைத் தாண்டினால் பிள்ளைச்சாவடி, காலாப்பட்டு என்று மறுபடியும் புதுச்சேரி. பஸ்ஸில் போகிறவர்களுக்கு இது ஒரு விஷயமே இல்லை. ஆனால் பிறப்புச் சான்றிதழ் வாங்க அலைகிறவர்களுக்கு மொத்தப் பிரச்சினையும் இந்த எல்லையில்தான் இருக்கிறது.

"எங்க ஊர் புதுச்சேரி, எங்க ரேஷன் கார்டு புதுச்சேரி, அப்போ சர்டிபிகேட்டும் புதுச்சேரியிலதானே இருக்கும்?" என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. குடும்பம் எங்கே குடியிருக்கிறது என்பது கணக்கே கிடையாது. குழந்தை எந்த இடத்தில் பிறந்ததோ, அந்த இடத்துக்கான பதிவாளரிடம்தான் பதிவு இருக்கும். பிறப்பு, இறப்பு பதிவுச் சட்டம், 1969 சொல்வது இதுதான்.

முதல் கேள்வி: எந்த இடத்தில் பிறந்தார்?

பிள்ளைச்சாவடி, காலாப்பட்டு பகுதிகள் உழவர்கரை நகராட்சியைச் சேர்ந்தவை. எனவே ஊரில், வீட்டில் பிறந்தவர்களின் பதிவைத் தேட வேண்டிய இடம் உழவர்கரை நகராட்சி. காலாப்பட்டு பக்கம் கணபதிசெட்டிகுளத்தில் இருக்கும் பிம்ஸ் மருத்துவமனையில் பிறந்தாலும், கோரிமேட்டில் இருக்கும் ஜிப்மரில் பிறந்தாலும் அதே நகராட்சிதான். டவுனுக்குள் இருக்கும் மருத்துவமனை என்றால் புதுச்சேரி நகராட்சி. பாகூர், வில்லியனூர், அரியாங்குப்பம், நெட்டப்பாக்கம், மண்ணாடிப்பட்டு பக்கம் பிறந்திருந்தால் அந்தந்த கொம்யூன் பஞ்சாயத்து.

இங்கே ஒரு பெயர்க் குழப்பத்தையும் சொல்லிவிட வேண்டும். 'பிள்ளைச்சாவடி' என்றதும் டவுன்காரர்கள் பலருக்கு, அரசு மகளிர், குழந்தைகள் மருத்துவமனை இருக்கும் எல்லைப்பிள்ளைச்சாவடிதான் ஞாபகம் வரும். அது வேறு, கடலோர பிள்ளைச்சாவடி வேறு. விண்ணப்பத்தில் ஊர்ப் பெயரோடு 'காலாப்பட்டு' என்றும் சேர்த்து எழுதினால் ஒரு அலைச்சல் மிச்சம்.

இதற்குப் பிறகுதான் சிக்கல். தலைப்பிரசவத்துக்கு தாய்வீடு போவது நம் வழக்கம். மீனவ கிராமங்களுக்குள் பெண் கொடுத்து பெண் எடுக்கும்போது, மருமகள் ஊர் பொம்மையார்பாளையமாகவோ, மரக்காணமாகவோ, கடலூர் பக்கமாகவோ இருக்கும். மூத்த பிள்ளை அங்கே பிறக்கும், இளைய பிள்ளை இங்கே பிறக்கும். ஒரே வீட்டில் அண்ணன் பதிவு தமிழ்நாட்டில், தம்பி பதிவு புதுச்சேரியில். அண்ணனுக்காக உழவர்கரையில் எத்தனை தடவை போய் நின்றாலும் "பதிவு இல்லை" என்ற பதில்தான் வரும். தப்பு அலுவலகத்தில் இல்லை, நாம் போன இடத்தில்தான். அவசரப்பட்டு 'பதிவே செய்யலை போல' என்று புதிதாகப் பதிவு செய்யப் போய்விடாதீர்கள். ஒரே ஆளுக்கு இரண்டு பதிவு என்பது பிறகு பெரிய தலைவலி.

இது மறுபக்கமும் பொருந்தும். விழுப்புரம், கடலூர் மாவட்டத்துக்காரர்கள் நிறைய பேர் ஜிப்மரில் பிறந்தவர்கள். அவர்களின் பதிவு தமிழ்நாட்டில் கிடைக்காது.

அப்போ ஆம்புலன்ஸில் பிறந்தால்? கோட்டக்குப்பம் தாண்டும்போது வண்டியிலேயே பிரசவம் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓடும் வாகனத்தில் நடக்கும் பிறப்பை, வண்டி முதலில் எங்கே நிற்கிறதோ அந்த இடத்தில், வண்டிக்குப் பொறுப்பானவர் தெரிவிக்க வேண்டும் என்கிறது விதி. அதனால் எந்த ஊர் எல்லையில் பிறந்தது என்று யாரும் அளந்து பார்க்க வேண்டியதில்லை.

தமிழ்நாட்டுப் பக்கம் என்றால்?

கிராமத்து வீட்டில் பிறந்திருந்தால் கிராம நிர்வாக அலுவலர், ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிறந்திருந்தால் அங்குள்ள சுகாதார ஆய்வாளர், நகராட்சிப் பகுதி என்றால் நகராட்சி. கோட்டக்குப்பம் இப்போது நகராட்சி ஆகிவிட்டது. ஆனால் 2021-க்கு முன்பு அது பேரூராட்சி, அதையும் நினைவில் வைத்துக்கொண்டு கேளுங்கள். பழைய கிராமப் பதிவேடுகள் விஏஓ கையில் இருக்காது. அவை தாலுகா அலுவலகத்துக்கோ சார் பதிவாளர் அலுவலகத்துக்கோ போயிருக்கும். பத்திரப்பதிவு ஆபீஸில் பிறப்புச் சான்றா என்று பலர் ஆச்சரியப்படுவார்கள். ஆமாம், பதிவுத்துறையின் இணையதளத்திலேயே அதற்கு விண்ணப்பிக்கும் வசதி இருக்கிறது.

பாட்டி, தாத்தா பதிவு எங்கே?

வில்லியனூர் அருகே கீழூரில் வாக்கெடுப்பு நடந்தது 1954 அக்டோபர் 18. நவம்பர் 1-ல் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16. இதற்கு முந்தைய காலத்தில் இங்கே பிறந்தவர்களின் பதிவு பிரெஞ்சு முறையில், பிரெஞ்சு மொழியில் இருக்கும். 'எத்தா சிவில்' என்று பெரியவர்கள் சொல்வார்களே, அது இந்தக் குடிமைப் பதிவு முறைதான். ஒவ்வொரு கொம்யூனிலும் மேயர்தான் அந்தப் பதிவுக்கு அதிகாரி.

பாட்டியிடம் பிறந்த வருஷம் கேட்டால் "கொடி மாறினப்போ எனக்கு பத்து, பன்னெண்டு வயசு இருக்கும்" என்று சொல்வார். அதுவே போதும். 1954-ல் இருந்து பின்னால் போனால் 1942 முதல் 1944. முன்னும் பின்னும் இரண்டு வருஷம் சேர்த்துத் தேடச் சொல்லலாம்.

தேடும்போது மூன்று விஷயம் காலை வாரும்.

ஒன்று, எழுத்து. பிரெஞ்சில் நம் 'உ' ஒலிக்கு ஓ, யூ என்று இரண்டு ஆங்கில எழுத்து சேர்ந்து வரும். 'முத்து'வை எம்-க்கு அடுத்து யூ என்று தேடினால் கிடைக்காது, எம், ஓ, யூ என்று தேட வேண்டும். உழவர்கரை நகராட்சியின் ஆங்கிலப் பெயர் ஓ, யூ என்று ஆரம்பிப்பதற்கும் இதுதான் காரணம், அது பிரெஞ்சுக்காரர்கள் எழுதிய உழவர்கரை. தேதியும் எண்ணில் இருக்காது, வருஷம் உட்பட எல்லாம் பிரெஞ்சு வார்த்தையாக நீளமாக எழுதப்பட்டிருக்கும். அப்பாவின் தொழிலும் இருக்கும். பிள்ளைச்சாவடி ஆட்களைத் தேடும்போது மீனவர் என்பதற்கான 'பெஷேர்' என்ற சொல் நல்ல அடையாளம்.

இரண்டு, குடும்பப் பெயர். 1881 செப்டம்பர் 21 ஆணைப்படி தங்கள் தனிச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்துக்கு மாறியவர்கள், தலைமுறை தலைமுறையாக வரும் ஒரு குடும்பப் பெயரை வைத்துக்கொண்டார்கள். உங்கள் குடும்பம் அப்படி மாறியது என்றால் அந்தப் பெயரில் தேட வேண்டும். மாறாத குடும்பம் என்றால் இன்னாருடைய மகன், இன்னாருடைய மகள் என்றுதான் இருக்கும்.

மூன்றாவது, வருஷம். இதுதான் நிறைய பேரை ஏமாற்றும். குறித்த நாளுக்குள் பிறப்பைத் தெரிவிக்காமல் விட்டவர்களுக்கு, பிறகு நீதிமன்றம் தீர்ப்பு வழியாகப் பதிவு கொடுக்கும். அந்தத் தீர்ப்பை அது வந்த வருஷத்துப் பதிவேட்டில்தான் எழுதுவார்கள். 1938-ல் பிறந்தவரின் பதிவு 1950 பதிவேட்டில் இருக்கலாம். வேலைக்கோ கல்யாணத்துக்கோ காகிதம் தேவைப்பட்ட வயதில் எடுத்திருப்பார்கள். அதனால் பிறந்த வருஷத்தில் இல்லை என்றால், அவருக்குக் கல்யாணம் ஆன வருஷத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கொம்யூன்களும் மாறியிருக்கின்றன. பிரெஞ்சு காலத்தில் முதலியார்பேட்டை தனி கொம்யூன், இன்று அது புதுச்சேரி நகராட்சிக்குள். திருபுவனையும் தனியாக இருந்தது, இன்று மண்ணாடிப்பட்டு கொம்யூனில்.

பதிவேடு கரையான் அரித்துப் போயிருந்தால்? பிரெஞ்சு முறையில் ஒரே பதிவேட்டை இரண்டாக எழுதுவார்கள். ஒன்று கொம்யூனில், இன்னொன்று நீதிமன்றப் பதிவகத்தில். காலனிகளுக்கு 1776-ம் ஆண்டு ஆணைப்படி மூன்றாவது படியும் உண்டு, அது கப்பலில் பிரான்ஸுக்குப் போய்விடும். அப்படிச் சேர்ந்த பழைய பதிவேடுகள் இப்போது எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் நகரில் உள்ள கடல்கடந்த பகுதிகளுக்கான ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அவற்றில் ஒரு பகுதியைக் காசு கொடுக்காமல் இணையத்திலேயே புரட்டிப் பார்க்கலாம். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்களின் பிற்காலப் பதிவுகளுக்கு நாந்த் நகரில் உள்ள மையக் குடிமைப் பதிவு அலுவலகத்தைக் கேட்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. தாத்தாவின் பிரெஞ்சுப் பதிவு கிடைத்தால் உடனே பிரெஞ்சு பாஸ்போர்ட் என்று சொல்லும் புரோக்கர்கள் இருக்கிறார்கள். 1962 இணைப்பு ஒப்பந்தப்படி, இங்கே பிறந்து இங்கேயே வாழ்ந்தவர்கள் இந்தியக் குடிமக்கள் ஆனார்கள். வேண்டாம் என்றால் ஆறு மாதத்துக்குள் எழுத்து மூலம் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்வு செய்திருக்க வேண்டும். பிறப்புப் பதிவு மட்டும் காட்டி அதை நிரூபிக்க முடியாது.

பதிவு உண்மையிலேயே இல்லை என்றால்?

இது வரும், அதிகமாகவே வரும். மருத்துவச்சி வீட்டுக்கு வந்து பார்த்த பிரசவம், அப்பா கடலுக்குப் போயிருப்பார், யார் போய் எழுதுவது? முதலில் 'பதிவு இல்லை' என்பதையே எழுத்தில் வாங்குங்கள். அதற்கு முறையான சான்று உண்டு. வாய்மொழியாக "இல்லைம்மா" என்று சொல்லி அனுப்பினால் திரும்பி வந்துவிடாதீர்கள். பதிவேட்டில் தேடிப் பார்க்கச் சொல்லி, நகல் கேட்கும் உரிமை சட்டத்தின் 17-வது பிரிவிலேயே இருக்கிறது.

பிறகு தாமதப் பதிவு. 21 நாளுக்குள் என்றால் கட்டணம் இல்லை. 30 நாள் வரை தாமதக் கட்டணம். ஒரு வருஷம் வரை மாவட்டப் பதிவாளரின் எழுத்துப்பூர்வ அனுமதி. ஒரு வருஷம் தாண்டினால், முன்பு முதல் வகுப்பு நீதித்துறை நடுவரிடம் போக வேண்டியிருந்தது. 2023 அக்டோபர் 1-ல் அமலுக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு மாவட்ட ஆட்சியர், சார் ஆட்சியர் அல்லது அதிகாரம் அளிக்கப்பட்ட நிர்வாக நடுவரின் உத்தரவு போதும். அறுபது வயது ஆனவருக்கும் இதே வழிதான்.

இதற்கு ஏன் இவ்வளவு அவசரம்? 2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த குழந்தைகளுக்கு பாஸ்போர்ட்டில் பிறந்த தேதிக்குப் பிறப்புச் சான்று மட்டும்தான் செல்லும். பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல் எல்லாவற்றுக்கும் இனி அதுவே ஆதாரம். பெரியவர்களுக்கும் இது பயன்படும். 2025 இறுதியில் தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் எஸ்.ஐ.ஆர். எனும் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது, ஏற்கப்படும் ஆவணங்களில் பிறப்புச் சான்றும் ஒன்றாக இருந்தது.

சுனாமியில், தானே புயலில் வீட்டுக் காகிதம் எல்லாம் போய்விட்டது என்பவர்களுக்கு இது தேவையில்லாத பயம். போனது நகல்தான், பதிவேடு அலுவலகத்தில் இருக்கிறது. எத்தனை முறை வேண்டுமானாலும் கட்டணம் கட்டி நகல் வாங்கலாம்.

சான்று கைக்கு வந்ததும்

பள்ளி டி.சி.யில் இருக்கும் தேதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு காலத்தில் ஒண்ணாங்கிளாஸ் சேர்க்க வயசு பத்தவில்லை என்றால் வாத்தியாரே ஒரு ஜூன் மாதத் தேதியைப் போட்டுவிடுவார். என் அம்மாவுக்கும் அப்படி ஒரு பிறந்தநாள் உண்டு. இரண்டு தேதியும் வேறு வேறாக இருந்தால், பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கும் முன்பே அதைச் சரி செய்துவிடுங்கள்.

பதிவில் எழுத்துப் பிழை என்றால் திருத்தலாம். ஆனால் பழைய எழுத்தை அழிக்க மாட்டார்கள். ஓரத்தில் திருத்தத்தை எழுதி, பதிவாளர் தேதியிட்டுக் கையெழுத்துப் போடுவார். பெயர் இடாமல் 'ஆண் குழந்தை', 'பெண் குழந்தை' என்று மட்டும் பதிந்திருந்தால், பதிவு செய்த 12 மாதத்துக்குள் கட்டணமின்றிப் பெயர் சேர்க்கலாம், அதற்குப் பிறகு 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். மருத்துவமனையில் இருந்து டிஸ்சார்ஜ் ஆகும் முன்பே அப்பா, அம்மா பெயர், இனிஷியல் எழுத்துகளை ஆதாரில் உள்ளபடி படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் இந்த வேலையே வராது. அந்தப் படிவத்தில் முகவரி பிள்ளைச்சாவடி என்று இருக்கும், பிறந்த இடம் என்ற கட்டத்தில் மருத்துவமனையின் ஊர் இருக்கும். அந்த இரண்டாவது கட்டத்தை செல்போனில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.