கிஹிமின் தூக்கணாங்குருவிகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டு இந்தியாவில் ஒரு பறவையை அறிவதென்பது பெரும்பாலும் அதைச் சுட்டு, தோலுரித்து, பஞ்சடைத்து, சீட்டெழுதிக் கட்டுவதாகவே இருந்தது. காங்கிரஸ் தோன்றிய அதே 1885இல், அதன் நிறுவனர்களுள் ஒருவரான ஆலன் ஆக்டேவியன் ஹியூமின் சேகரிப்பிலிருந்து 75,000க்கும் மேற்பட்ட பறவைத் தோல்கள் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தைச் சென்றடைந்தன. அத்தோல்களின் மதிப்பைக் குறைத்துரைக்க இயலாது. சிறகின் நீளம், நிற வேறுபாடு, பரவல் எல்லை ஆகியவற்றைப் பற்றிய அறிவு அவற்றின்மீதே எழுந்தது. ஆனால் ஒரு கூட்டை எப்பறவை கட்டுகிறது, எதற்காகப் பாதியில் கைவிடுகிறது என்பதைத் தோல் சொல்லாது.

இக்குறை நிரம்பிய இடங்களுள் ஒன்று, பம்பாய்க்கு அருகே கடலோரத்தில் உள்ள கிஹிம் என்னும் சிற்றூர். அதற்கு எந்த ஆய்வுப் பயணமும் காரணமன்று, வேலையின்மையே காரணம். முறையான பட்டம் இல்லாமையால் இந்திய விலங்கியல் ஆய்வகத்தில் பணி பெற இயலாத சாலிம் அலி, 1926இல் பம்பாய் அருங்காட்சியகத்தில் வழிகாட்டி விரிவுரையாளரானார். பின்னர் பெர்லின் சென்று எர்வின் ஸ்ட்ரெசெமானிடம் பயின்றார். 1930இல் திரும்பியபோது, நிதியின்மையால் அப்பதவி நீக்கப்பட்டிருந்தது. மனைவி தெஹ்மினாவுடன் கிஹிமுக்குக் குடிபெயர்ந்தார். வீட்டருகே தூக்கணாங்குருவிகள் கூட்டமாகக் கூடு கட்டிக்கொண்டிருந்தன. பார்ப்பதற்குப் பறவையும் இருந்தது, பொழுதும் இருந்தது.

தூக்கணாங்குருவி அரிய பறவையன்று. ஊர்ச் சிறுவர் எவரும் அறிந்தது. அதன் அரைகுறைக் கூடுகளும் எல்லோர் கண்ணிலும் பட்டவையே. ஆண் பறவை அமர்ந்து ஆடி மகிழவே அவை கட்டப்பட்டன என்ற விளக்கமும் வழங்கிவந்தது. மழைக்கால மாதங்களில் நாள்தோறும் பார்த்ததில் வேறொரு கதை துலங்கியது. ஆண் புல்லிழைகளைக் கிழித்துக் கொணர்ந்து, தலைக்கவசம் போன்ற பாதிக் கூட்டை முடைந்து நிறுத்துகிறது. பெண்கள் வருகின்றன, உள்ளே புகுந்து பார்க்கின்றன, பிடிக்காவிடில் போய்விடுகின்றன. ஏதேனும் ஒன்று ஏற்றுக்கொண்ட பின்னரே முட்டையறையும் நீண்ட நுழைவுக் குழாயும் முழுமையடைகின்றன. பெண் அடைகாக்கத் தொடங்கியதும் ஆண் அடுத்த கூட்டை, அடுத்த துணைக்காக, கட்டப் போய்விடுகிறது. ஆக, பாதியில் நின்ற கூடு பொழுதுபோக்கின் சின்னமன்று, நிராகரிப்பின் எச்சம். இவ்வாய்வு 1931இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் வெளியாயிற்று.

இத்தகைய அறிவுக்குத் தொலைவைவிடத் தொடர்ச்சியே முதன்மை. ஒரே மரத்தை ஒரு பருவம் முழுதும் பார்ப்பது, முகாமை மாற்றிக்கொண்டே செல்லும் சேகரிப்பாளருக்கு அரிது, வீட்டிலிருப்பவருக்கு எளிது. 1960இல் ஜாபர் புதேஹல்லி தொடங்கிய பறவை நோக்கர் செய்தி மடலிலும், தத்தம் ஊர்ப் பறவைகளைப் பார்த்து எழுதியோரின் குறிப்புகள் இடம்பெற்றன.

இப்பறவையின் பெயர்களும் இங்கு கவனத்திற்குரியவை. தமிழ்ப் பெயர், தொங்குதலைக் குறிக்கும் ‘தூக்கு’ என்னும் அடியிலிருந்து பிறந்தது. கூட்டை அண்ணாந்து பார்த்தவர் இட்ட பெயர் என்பது வெளிப்படை. அறிவியல் பெயரின் முற்பாதியான ‘பிளோசியஸ்’ நெசவாளியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் வழி வந்தது. பிற்பாதியோ ‘பிலிப்பினஸ்’. பிலிப்பைன்ஸில் இப்பறவை இல்லை. 1766இல் லின்னேயஸ் பெயரிட்டபோது, பறவையின் தாயகம் தவறாகக் கருதப்பட்டிருந்தது. முன்னுரிமை விதியின் காரணமாக, பிழை தெரிந்த பின்னும் அப்பெயரே நிலைத்திருக்கிறது.