எல்லைநிலை ஆளுமைக் கோளாறும் மூளை வலையமைப்புக்களும்: ஒரு வரலாற்று நோக்கு

மனநோய்க்குப் பெயர் சூட்டுதல் எளிது. அப்பெயரின் பொருளை வரையறுத்தல் அரிது. ‘எல்லைநிலை’ என்னும் சொல்லின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். 1938ஆம் ஆண்டிலே, நியூயோர்க் நகரத்து உளப்பகுப்பாய்வாளரான அடொல்வ் ஸ்ரேண், வழமையான சிகிச்சைக்கு இணங்காத நோயாளர் சிலரை விவரித்தார். அவர்களை நரம்புப் பிணியாளர் என்றோ சித்தம் பேதலித்தோர் என்றோ வகுத்தல் இயலாதாயிற்று. ஆதலின் இரண்டற்கும் இடைப்பட்ட எல்லையில் நிற்போர் எனக் கொள்ளப்பட்டனர். நோயின் இயல்பைக் காட்டிலும் மருத்துவரின் ஐயத்தையே அப்பெயர் சுட்டிற்று எனலாம்.

1967இல் ஒட்டோ கேர்ண்பேர்க் இதனை ஆளுமையின் ஓர் அமைப்பாக விளக்கினார். 1975இல் கண்டர்சனும் சிங்கரும் இதன் குறிகளைத் தொகுத்தனர். 1980இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் மூன்றாம் கைந்நூல் இதனைத் தனிநோயாக ஏற்றது. கைவிடப்படுவோமோ என்னும் பேரச்சம், நிலையற்ற உறவுகள், கணத்திற் பொங்கும் சினம், தீராத வெறுமை, தம்மைத் தாமே ஊறுபடுத்தல் என்பன இதன் குறிகளுட் சில. எனினும் இக்குறிகளை வேண்டுமென்றே செய்யும் பிடிவாதமாகக் கருதி நோயாளரை வெறுத்தொதுக்கிய மருத்துவர் பலர் இருந்தனர். பெயர் பழியாக மாறிற்று.

இஃது இவ்வாறாக, மூளையாராய்ச்சி வேறொரு வழியில் வளர்ந்து வந்தது. 1861இல் பிரான்சிய மருத்துவர் புறொக்கா, பேச்சாற்றலுக்குரிய இடத்தை மூளையின் முன்பகுதியிற் கண்டார். 1874இல் ஜெர்மானியரான வேர்ணிக்கே, மொழியாற்றல் ஓரிடத்தில் மட்டுமன்றிப் பல இடங்களின் இணைப்பிலும் தங்கியுள்ளதென வாதித்தார். 1965இல் நோர்மன் கெஷ்விண்ட் இக்கொள்கைக்குப் புத்துயிரளித்தார். 1990இல் செய்ஜி ஒகாவா, குருதியின் ஒட்சிசன் வேறுபாட்டைக் காந்தப் பரிவுப் படத்திற் காணலாமெனக் காட்டினார். 1995இல் பாரத் பிஸ்வாலும் துணைவரும், மனிதர் வாளாவிருக்கும் போதும் மூளையின் இருபக்க இயக்கப் பகுதிகள் ஒருங்கே ஏறியிறங்குவதைக் கண்டனர். இவ்வொத்த அசைவே ‘தொழிற்பாட்டு இணைப்பு’ எனப்படுகின்றது. இது நரம்பு நாரைக் கண்ணாற் காண்பதன்று. அசைவுகளின் ஒப்புமையைக் கணித்தறிவதேயாகும்.

இவ்விரு வரலாறுகளும் புதிய நூற்றாண்டிற் கலந்தன. 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வு, முகங்களைக் காணும்போது எல்லைநிலை நோயாளரின் அமிக்டலா, ஏனையோரினும் மிகுதியாகக் கிளர்வதைக் காட்டிற்று. அமிக்டலா என்பது அச்சவுணர்ச்சியோடு தொடர்புடைய வாதுமைவடிவப் பகுதியாகும். 2007இல் அந்தோனியா நியூவும் துணைவரும், நலமுடையோரிடத்து இப்பகுதிக்கும் விழிக்குழிக்கு மேலமைந்த நெற்றிப்புற மேற்பட்டைக்கும் இடையே காணப்பட்ட இறுகிய தொடர்பு, நோயாளரிடத்துக் காணப்படவில்லை எனத் தெரிவித்தனர். குதிரை மிரண்டது மட்டுமன்று, கடிவாளமும் தளர்ந்தது என்பது போன்ற விளக்கம் இதனாற் பிறந்தது. தன்னை நினைத்தலோடு தொடர்புடைய வலையமைப்பும் பின்னர் ஆராயப்பட்டது.

ஆயினும் இம்முடிவுகளை அளவுக்கு மீறி மதித்தல் தகாது. ஆய்வுகள் பல சிறு தொகையினரையே கொண்டவை. அவற்றின் முடிவுகள் எப்போதும் ஒத்தனவுமல்ல. மூளைப் படத்தைக் கொண்டு ஒருவருக்கு இந்நோய் உண்டென்று கூறுதல் இன்றும் இயலாது. இணைப்பின் தளர்ச்சி நோய்க்குக் காரணமா, நோயின் விளைவா, இளமையில் உற்ற துன்பத்தின் வடுவா என்பதை ஒரு படம் தனித்துத் தீர்மானிப்பதன்று.

அங்ஙனமாயின் இவ்வாராய்ச்சியாற் பயன் யாது? பிடிவாதமென்று பழிக்கப்பட்டது துன்பமென்று உணரப்படுதற்கு இது துணைநிற்கின்றது. நோயாளரை ஏற்றுக்கொண்டே மாற்றத்துக்குப் பயிற்றும் சிகிச்சைமுறையை 1993இல் நூல்வடிவில் வெளியிட்ட மார்ஷா லினெகன், தாமும் இளமையிற் கடும் உளத்துயரால் மருத்துவமனையில் வாடியவர் என்பதை 2011இல் உலகறியக் கூறினார். நோயாளரை நெடுங்காலம் தொடர்ந்து நோக்கிய ஆய்வுகளும், பெரும்பாலோரிடத்து நோய்க்குறிகள் ஆண்டுகள் செல்லத் தணிகின்றன என்றே காட்டியுள்ளன. எல்லையில் நிறுத்தப்பட்டோர் திரும்பி வரக்கூடியவர் என்பதே இவ்வரலாறு உணர்த்தும் பாடமாகும்.