பெயரும் பயிரும்: ‘ஹோர்ட்டுஸ் மலபாரிக்குஸ்’ உணர்த்தும் உயிரினப் பன்மை

‘உயிரினப் பன்மை’ என்னும் கருத்துக்குரிய கலைச்சொல் 1980களில்தான் அறிவியலில் வழக்கூன்றியது. ஆயினும் ஒரு நிலத்தின் செடிகொடிகளை அந்நிலத்து மக்களின் மொழிவழி அறிய முயன்ற வரலாறு அதனினும் பழமையானது. 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்த ‘ஹோர்ட்டுஸ் மலபாரிக்குஸ்’ என்னும் இலத்தீன் நூல் அதற்குத் தக்க சான்றாகும்.

மலபாரில் டச்சு ஆளுநராக இருந்த வான் ரீடு இதனைத் தொகுப்பித்தார். செடிகளின் பெயர்களையும் மருத்துவப் பயன்களையும் எடுத்துரைத்தவர் இட்டி அச்சுதன் என்னும் ஈழவ மருத்துவர். ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் என்னும் கொங்கணி அந்தணர் மூவரும் துணைநின்றனர். மலையாளத்தில் மொழிந்தவை போர்த்துக்கீசியம், டச்சு ஆகியவற்றின் வழியே இலத்தீனை அடைந்தன. 700க்கும் மேற்பட்ட தாவரங்கள் இதில் இடம்பெற்றன.

இந்நூற்பெயர்களின் அமைப்பு மொழியியலாரின் கவனத்திற்குரியது. ‘காட்டு’ என்னும் அடை வாழிடத்தையும், ‘நில’ என்பது தரையொட்டிய வளர்ச்சியையும், ‘செறு’ என்பது சிறுமையையும், ‘வள்ளி’ என்னும் ஈறு கொடியியல்பையும் சுட்டுகின்றன. எனவே பெயரே ஒரு வகைப்பாடாக அமைகின்றது. 1753இல் லின்னேயஸ் வகுத்த இருசொற் பெயரீட்டு முறை உலகிற்குப் பொதுமொழி தந்தது. அவர் இந்நூலையும் சான்றாகக் கொண்டார். எனினும் அம்முறையில் இவ்வடைகள் பலவும் மறைந்தன. ஏலத்தின் பேரினப் பெயரான ‘எலெட்டாரியா’ போன்ற சிலவற்றில் மட்டுமே மலையாளச் சொல் எஞ்சியுள்ளது.

பெயரின் இழப்பைவிடக் கொடிது பொருளின் இழப்பு. 1840களில் நிலம்பூரில் தொடங்கிய தேக்குத் தோட்டமும், பின்னர்ப் பரவிய காப்பி, தேயிலை, இரப்பர்த் தோட்டங்களும் மேற்குத் தொடர்ச்சி மலையின் பல்வகைக் காடுகளை ஒற்றைப் பயிர் நிலங்களாக்கின. நிலப்பயன்பாட்டு மாற்றம், மிகைநுகர்வு, தட்பவெப்ப மாற்றம், மாசு, அயல் உயிரினப் படையெடுப்பு ஆகிய ஐந்தையும் பன்மைச் சரிவின் முதன்மைக் காரணங்களாக 2019இல் பன்னாட்டு அறிவியல் மதிப்பீடு ஒன்று சுட்டியது. காடு அழிந்தபின் ‘காட்டு’ என்னும் அடை எதனைச் சுட்டும்?

காப்புக்குரிய விழுமியங்கள் மூன்று. பயன் கருதுவது ஒன்று. உயிர் தன்னளவிலேயே மதிப்புடையது என்பது மற்றொன்று. அறிவை ஈந்தோர்க்கு உரிய பங்கு தருவது மூன்றாவது. இட்டி அச்சுதனின் அறிவு ஐரோப்பாவில் நூலாயிற்று. அவருடைய மொழியினர்க்கு அது நெடுங்காலம் எட்டாதிருந்தது. கா. சு. மணிலாலின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2003இலும் மலையாள மொழிபெயர்ப்பு 2008இலும் வெளிவந்த பின்னரே அக்குறை நீங்கியது.

1992ஆம் ஆண்டு உயிரினப் பன்மை உடன்படிக்கை பயன்பகிர்வை ஒரு நோக்கமாக ஏற்றது. இந்தியாவின் 2002ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி ஊர்தோறும் மக்கள் பன்மைப் பதிவேடுகள் தொகுக்கப்படுகின்றன. அவற்றில் வட்டார வழக்குப் பெயரை அடையுடனும், சொன்னவரின் மொழியிலும், செடி நிற்கும் இடத்துடனும் பதிவு செய்தல் வேண்டும். அறிவியற் பெயர் அதனருகில் நிற்கலாம். அதன் இடத்தைக் கொள்ளலாகாது. பெயரைக் காத்துப் பயிரை இழந்தால் எஞ்சுவது அகராதிப் பதிவு மட்டுமே.