வியாழக்கிழமை சாயங்காலம்

எங்க வீட்டு வாண்டுக்கு ரெண்டு வயசு. "இப்பவே பிடிவாதத்தை உடைக்கலேன்னா அப்புறம் கைக்கு அடங்காது தம்பி"ன்னு போன வாரம் சர்ச்சுல ஒரு அங்கிள் சொன்னார். ஏறக்குறைய இதையே 1732ல் ஒரு அம்மா எழுதி வச்சிருக்காங்க.

சூசன்னா வெஸ்லி. இங்கிலாந்தில் எப்வொர்த் என்ற ஊர்ப் பாதிரியாரின் மனைவி. மெதடிஸ்ட் இயக்கத்தை ஆரம்பித்த ஜான், சார்லஸ் இருவருக்கும் அம்மா. பெற்றது 19, தங்கியது 10. பிள்ளைகளை எப்படி வளர்த்தீங்கன்னு ஜான் கேட்டதுக்கு எழுதின கடிதம் அது. ஒரு வயசு ஆனதுமே (சிலருக்கு அதுக்கும் முன்னாடி) பிரம்புக்குப் பயப்படவும், சத்தமில்லாம அழவும் பழக்கினாங்களாம். படிச்சதும் எனக்கு பகீர்னு ஆயிடுச்சு.

ஆனா அதே கடிதத்துல வேறயும் இருக்கு. தப்பை ஒத்துக்கிட்டா அடி கிடையாது. ஒரே தப்புக்கு ரெண்டு தரம் தண்டனை கிடையாது, பின்னாடி சொல்லிக் காட்டவும் கூடாது. நல்லா வாசிக்கத் தெரியற வரைக்கும் பெண்பிள்ளையை வேலைக்கு உட்கார வைக்கக் கூடாது. முந்நூறு வருஷத்துக்கு முன்னாடி!

1709ல் வீடு தீப்பிடிச்சு எரிஞ்சு போச்சு. பிள்ளைங்க ஆளுக்கொரு வீட்டுல வளர்ந்து, பழைய ஒழுங்கெல்லாம் காத்துல போச்சு. அப்புறம் சூசன்னா ஒரு காரியம் செஞ்சாங்க. தினமும் சாயங்காலம் ஒரு பிள்ளையோட தனியா உட்கார்ந்து பேசறது. செவ்வாய் ஹெட்டிக்கு, வியாழன் ஜானுக்கு.

ஹெட்டி கெட்டிக்காரி, கவிதை எழுதுவாள். 1725ல் வீட்டை விட்டு ஒருத்தரோட போய், கர்ப்பமா திரும்பினாள். அப்பா அவசர அவசரமா ஒரு பிளம்பருக்குக் கட்டி வச்சார். மன்னிக்கவே இல்லை. அடுத்த வருஷம் ஜான் அக்காவுக்காக இரக்கத்தைப் பத்திப் பிரசங்கம் பண்ண, அப்பாவுக்குக் கோபம்தான் வந்தது. ஒரே வீடு, ஒரே ஒழுங்கு. அவளை என்ன செய்யறதுன்னு யாருக்கும் தெரியலை.

ஜான் ஆக்ஸ்ஃபோர்டில் இருந்தப்போ, முப்பது வயசை நெருங்கும்போது, பழைய வியாழக்கிழமை சாயங்காலத்தைத் தனக்காக ஒதுக்க முடியுமான்னு அம்மாவுக்கு எழுதினார். பிரம்பைக் கேக்கலை. ஆனா வயசான காலத்துல அவரே பிள்ளைங்களோட பிடிவாதத்தை உடைக்கணும்னு பிரசங்கம் பண்ணினார். அவருக்கு சொந்தப் பிள்ளை கிடையாதுங்கறது வேற விஷயம் :-)

அடுத்த ஞாயிறு அங்கிளைப் பார்த்தா ஹெட்டி கதையைச் சொல்லணும். கேப்பாரான்னு தெரியலை.