இன்னொருவர் எழுத வேண்டிய பக்கம்

வேலைக்காக வாரத்துக்கு முப்பது நாற்பது ஆய்வுக் கட்டுரைகள் என் கண்ணில் படும். உண்மையைச் சொன்னால் அவற்றில் இரண்டைத்தான் முழுசாகப் படிப்பேன். மற்றதெல்லாம் தலைப்பும், அதற்குக் கீழே இருக்கும் இருநூறு சொல் ஆய்வுச் சுருக்கமும்தான். ஒருமுறை அப்படி ஒரு சுருக்கத்தை நம்பி மூன்று வாரம் நிரல் எழுதினேன். சொன்ன வேகம் வரவே இல்லை. பிறகு பொறுமையாகப் படித்தபோது ஒன்பதாம் பக்கத்தில் ஒரு அட்டவணை: அந்த வேகமெல்லாம் தரவு சிறியதாக இருந்தால்தான். சுருக்கத்தில் பொய் எதுவும் இல்லை. ஒரு நிபந்தனை மட்டும் இல்லை.

இந்தச் சுருக்கம் என்ற சமாச்சாரத்தை யார் எழுத வேண்டும் என்ற கேள்வி அப்போதுதான் வந்தது. அதைத் தேடிப் போனபோது, எதிர்பாராமல் நம்ம பக்கத்து ஊர் ஒன்றில் போய் நின்றேன்.

தாமிரபரணி கடலில் சேரும் இடத்தில் இருக்கிறது புன்னக்காயல். முத்துக்குளித்துறையின் பழைய ஊர்களில் ஒன்று. போர்த்துக்கல்லில் பிறந்து 1546-இல் இந்தியா வந்த ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் என்ற இயேசு சபைப் பாதிரியார், 1600-இல் இறக்கும்வரை இந்தக் கரையோடுதான் வாழ்ந்தார். புன்னக்காயல் அவருடைய முக்கியமான இருப்பிடம். நாம் அவரை அண்டிரிக் அடிகளார் என்கிறோம். 1578-இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' அவர் தமிழாக்கியது. இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் அச்சாகி இன்றும் கைக்குக் கிடைக்கும் மிகப் பழைய நூல் அது. மொத்தம் 16 பக்கம். ஒரு மதத்தின் அடிப்படைகளை மனப்பாடம் செய்கிற அளவுக்குச் சுருக்கிய புத்தகம். அடுத்த வருஷமே அதைவிட விரிவான 'கிரிசித்தியானி வணக்கம்' கொச்சியில் வந்தது. நமது அச்சு வரலாறே ஒரு சுருக்கத்தில்தான் தொடங்குகிறது.

ஆனால் என்னை நிறுத்தியது அவருடைய கடிதங்கள். இயேசு சபையில் கடிதம் எழுதுவதற்கே விதி இருந்தது. சபையை நிறுவிய இக்னேஷியஸ் 1542-இல் தன் தோழர் பியேர் ஃபாவ்ருக்கு அதை விளக்குகிறார். முதன்மைக் கடிதம் ஒன்று. அது யாரிடமும் காட்டக்கூடியதாக இருக்க வேண்டும், ஒருமுறை எழுதித் திருத்தி மறுபடி எழுத வேண்டும். மற்ற விவரம், மனத்தாங்கல், சொந்த விஷயம் எல்லாம் தனி இணைப்புத் தாளில். உலகம் பூராவும் சிதறிக் கிடந்த ஆட்களை ரோமில் உட்கார்ந்தபடி கவனிக்க அது நல்ல ஏற்பாடு. ஆனால் ஊர் பார்க்கிற தாளில் நல்லது மட்டும் மிஞ்சும் என்ற ஆபத்தும் அதற்குள்ளேயே இருக்கிறது.

நன்மையையும் சொல்லிவிட வேண்டும். 1548 அக்டோபர் 31 அன்று வேம்பாரிலிருந்து ஹென்றிக்கஸ் இக்னேஷியஸுக்கு எழுதிய கடிதத்தில், தான் தமிழை லத்தீன் இலக்கண முறையில் வேற்றுமை, காலம் என்று பிரித்துக் கற்றுக்கொண்டதைச் சொல்கிறார். அந்த உழைப்பில் உருவான இலக்கணம் கையெழுத்துப் பிரதியாகவே லிஸ்பன் தேசிய நூலகத்தில் கிடந்தது. 1982-இல்தான் அச்சானது. ஆங்கிலத்தில் ழான் ஹைனும் வி. எஸ். ராஜமும் 2013-இல் கொண்டுவந்தார்கள். நூல் நானூறு வருஷத்துக்கு மேல் நகரவில்லை. அதைப் பற்றிய சில வரிகளோ அடுத்த கப்பலிலேயே கிளம்பிவிட்டன. பயணம் செய்வது சுருக்கம்தான். நூல் பெரும்பாலும் வீட்டிலேயே இருக்கும்.

லண்டன் ராயல் சொசைட்டியிலும் இதே கதை, வேறு மாதிரி. அங்கே கூட்டத்தில் கட்டுரை வாசிக்கப்பட்டதும், அதன் சாரத்தைக் குறிப்பேட்டில் எழுதியது ஆசிரியர் அல்ல, சங்கத்தின் செயலாளர். 1800 முதலான அந்தச் சாரங்களைத் திரட்டி 1832 முதல் தனித் தொகுதிகளாக அச்சிட்டார்கள். ஆசிரியரே தன் கட்டுரையின் தலையில் சுருக்கம் எழுதிக்கொள்வது பரவலானது 20-ஆம் நூற்றாண்டில்தான்.

இந்த இடத்தில் எனக்குப் பள்ளிக்கூடத் தமிழ் ஞாபகம் வந்தது. பாயிரம்! 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி எழுதிய நன்னூல், சிறப்புப் பாயிரத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்று எட்டு விஷயங்களைச் சொல்கிறது. யார் எழுதியது, எதன் வழியில் வந்தது, எந்த நிலப்பரப்பில் வழங்குவது, பெயர் என்ன, முன்பின் தொடர்பு என்ன, எதைப் பற்றியது, யார் கேட்பதற்கு, அவர்களுக்கு என்ன பயன். இன்றைய எந்த இதழின் விதிமுறையோடும் வைத்துப் பார்க்கலாம். அதைவிட முக்கியமான விதி ஒன்று உண்டு. சிறப்புப் பாயிரத்தை நூலாசிரியர் எழுதக் கூடாது. அவருடைய ஆசிரியரோ, கூடப் படித்தவரோ, மாணவரோ, உரைகாரரோதான் எழுத வேண்டும். எவ்வளவு படித்தவனும் தன்னைத் தானே புகழ்ந்துகொள்வது தகாது என்பது காரணம். தொல்காப்பியத்துக்கும் பாயிரம் தந்தவர் பனம்பாரனார்தான், தொல்காப்பியர் அல்ல.

இது வெறும் அடக்கத்துக்கான விதி என்று நினைத்திருந்தேன். 1999-இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்த ஆய்வு ஒன்றைப் படித்ததும் எண்ணம் மாறியது. பிட்கினும் இரண்டு சகாக்களும் ஆறு மருத்துவ இதழ்களின் சுருக்கங்களை எடுத்து, கட்டுரையின் உடம்போடு ஒப்பிட்டிருக்கிறார்கள். உள்ளே இருப்பதோடு பொருந்தாத, அல்லது உள்ளே இல்லவே இல்லாத தரவு கொண்ட சுருக்கங்கள், இதழைப் பொறுத்து 18 முதல் 68 சதவீதம்வரை! அவை மருத்துவர்கள் படிக்கிற பக்கங்கள். எனக்குப் போனது மூன்று வாரம்தான். அங்கே போகக்கூடியது நோயாளியின் உடம்பு.

செயலாளர்கள் காலத்துக்கு இனித் திரும்ப முடியாது. ஆனால் பாயிர விதியை மனசில் வைத்து எழுதலாம். இப்போதெல்லாம் சுருக்கம் எழுதும்போது, கட்டுரை என்னுடையது இல்லை, கூடப் படித்தவனுடையது என்று நினைத்துக்கொள்கிறேன். உடனே ஒன்பதாம் பக்கத்து அட்டவணை மேலே ஏறி வந்துவிடுகிறது. கட்டுரையை வேறொருவரிடம் கொடுத்து, என்ன சொல்லியிருக்கிறேன் என்று நான்கு வரி எழுதச் சொல்வது இன்னும் நல்லது. அவர் எழுதியதும் நான் எழுதியதும் ஒத்துப்போகவில்லை என்றால் தப்பு பெரும்பாலும் என் பக்கம்தான்.

பவணந்தியின் கடைசி இரண்டு கேள்விகள் பாக்கி இருக்கின்றன: யார் கேட்பதற்கு, என்ன பயன். இதில் ஹென்றிக்கஸை மெச்சத்தான் வேண்டும். தன் 16 பக்கத்தை யார் கேட்கப் போகிறார்கள் என்று அவருக்குத் தெரியும். அதனால் அது தமிழில் இருந்தது. இன்று மன்னார் வளைகுடாவின் மீனையும் முத்துச்சிப்பியையும் பவளப்பாறையையும் பற்றி எத்தனையோ கட்டுரைகள் வருகின்றன. அவற்றின் சுருக்கங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். மருத்துவ ஆய்வுகளைத் தொகுக்கும் காக்ரேன் அமைப்பு, எளிய நடைச் சுருக்கங்களில் சிலவற்றைத் தமிழிலும் தருகிறது. கடலுக்கும் அது முடியும். இருநூறு சொல்தான் கேட்கிறோம். புன்னக்காயலில் விடியக்காலை வள்ளம் தள்ளுகிற ஒருவர், தன் கடலைப் பற்றி யாரோ என்னவோ கண்டுபிடித்ததை வலை உலர்த்துகிற நேரத்தில் படித்துவிடலாம். கட்டுரை சொல்வது சரியா இல்லையா என்று முதலில் சொல்லக்கூடியவரும் அவராகவே இருக்கலாம்.