பூட்டிய மூலமும் படியெடுத்த உரையும்

மூலமும் உரையும் கூடியே நூல் நிலைபெறும் என்பதை உரையாசிரியர் மரபில் வந்த நாம் நன்கறிவோம். கணினியுலகும் இதனைத் தடையின் வாயிலாகக் கற்றது.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழக ஆசிரியர் ஜான் லயன்ஸ், யூனிக்ஸ் இயங்குதளத்தின் மூலநிரலுக்கு 1976-77இல் மாணவர்பொருட்டு உரை வரைந்தார். 1979இல் வெளியான ஏழாம் பதிப்பின் உரிமமோ, மூலநிரலை வகுப்பறையில் பயிற்றலாகாதெனத் தடுத்தது. லயன்ஸின் உரை படிமேற் படியாக மறைவில் உலவிற்று.

பாடஞ்சொல்ல வழியற்ற ஆம்ஸ்டர்டாம் பேராசிரியர் டனன்பாம், 1987இல் மினிக்ஸைத் தாமே இயற்றி அளித்தார். அதனைப் பயின்ற பின்லாந்து மாணவர் டோர்வால்ட்ஸ் 1991இல் லினக்ஸைப் படைத்தார். மறு ஆண்டே, ஸ்டால்மன் 1989இல் வகுத்த பொது உரிமத்தின்கீழ் அதனை வழங்கினார். பெற்றவர் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு ஈயலாம். ஈயுங்கால் மூலத்தையும் அதே உரிமையையும் உடன் ஈதல் வேண்டும் என்பதே அதன் உயிர்நிலை.

லயன்ஸின் உரை 1996இல் முறைப்படி அச்சேறியது. அதனைக் காத்தவர் உரிமையாளர் அல்லர், படியெடுத்த மாணவரே.