பானுமதிக்குத் திமிர் ஜாஸ்தியா?

லீவுக்கு ஊருக்குப் போயிருந்தப்ப டிவியில 'ரங்கோன் ராதா' ஓடிக்கிட்டு இருந்துச்சு. பானுமதி முகத்தைப் பார்த்ததுமே அப்பா சொன்னார்: "நல்லா நடிக்கும், நல்லா பாடும். ஆனா இந்தம்மாவுக்குத் திமிர் ஜாஸ்திடா". உள்ளே கீரை ஆய்ஞ்சுக்கிட்டு இருந்த பாட்டி, "திமிர் இல்லேன்னா அந்தக் காலத்துல அவ பிழைச்சிருப்பாளா?"ன்னு ஒரு கேள்வியைத் தூக்கிப் போட்டுட்டு மறுபடி கீரைக்குள்ள போயிட்டாங்க. நான் அப்பாவுக்கும் தலையாட்டினேன், பாட்டிக்கும் தலையாட்டினேன். நமக்கு வழக்கமே அதுதானே :)

ஆனா பாட்டியோட கேள்வி மண்டைக்குள்ளயே சுத்திக்கிட்டு இருந்துச்சு. அதான் இந்தப் பதிவு.

பானுமதி 1925-ல் ஆந்திராவில், ஓங்கோல் பக்கம் தொட்டவரம் என்கிற கிராமத்தில் பிறந்தவர். அப்பா வெங்கடசுப்பையா சங்கீதப் பிரியர், மகளுக்கு முதல் குருவும் அவரே. 1939-ல் 'வர விக்ரயம்' என்ற தெலுங்குப் படத்தில் அறிமுகம். வரதட்சணைக் கொடுமையைப் பற்றிய நாடகம்தான் படமாச்சு. அதில் விலைக்கு வாங்கின மாப்பிள்ளை வேண்டாம்னு உயிரையே விடுகிற பெண் வேஷம். அப்ப பானுமதிக்கு பதிமூணு வயசு.

1943-ல் 'கிருஷ்ண பிரேமா' படப்பிடிப்பில் உதவி இயக்குனரா இருந்த ராமகிருஷ்ணாவைப் பிடிச்சுப் போச்சு. வீட்டில் எதிர்ப்பு. ஸ்டார் நடிகை, அசிஸ்டெண்ட் டைரக்டர்... எந்த அப்பா ஒத்துக்குவார்? அம்மணி விடலை. அதே வருஷம் கல்யாணம் முடிஞ்சுது. சினிமாவே வேண்டாம், குடும்பம் போதும்னு ஒதுங்கியவரை பி.என். ரெட்டி 'ஸ்வர்க்க சீமா'வுக்கு (1945) இழுத்து வந்தார். அந்தப் படத்தில் புறாவைக் கொஞ்சி அவர் பாடிய பாட்டு ஆந்திரா பூரா பைத்தியமா அலைய வெச்சது. திரும்பி வீட்டுக்குப் போக முடியலை.

இங்கே கொஞ்சம் டெக்னிக்கல் மேட்டர். பேசும்படம் வந்த புதுசுல நடிக்கிறவங்களே பாடணும். கேமரா ஓடும்போதே பாட்டும் பதிவாகும், வாத்தியக்காரங்க ஃபிரேமுக்கு வெளியே உட்கார்ந்து வாசிப்பாங்க. பாடத் தெரியாதவங்களுக்கு ஹீரோயின் வேலையே கிடையாது. அப்புறம் பின்னணி பாடும் முறை வந்தது. ஏவிஎம்மின் 'நந்தகுமார்' (1938) தமிழில் இதற்கு ஆரம்பம்னு சொல்லுவாங்க. நாப்பதுகளோட கடைசிக்குள்ள நடிப்பு ஒருத்தர், குரல் இன்னொருத்தர்னு ஆயிடுச்சு. நம்ம பாஷையில சொன்னா மாட்யூல் மாட்யூலா பிரிச்சுட்டாங்க. பி. லீலா, ஜிக்கி, பி. சுசீலான்னு அற்புதமான குரல்கள் நமக்குக் கிடைச்சது இதனாலதான். யாரும் குறை சொல்ல முடியாது.

ஆனா அந்த அலையிலும் பானுமதி தன் குரலை விட்டுக் கொடுக்கலை. சிவாஜியோட நடிச்சாலும் எம்ஜிஆரோட நடிச்சாலும் பானுமதிக்கு பானுமதிதான் பாடுவார். 'அன்னை' (1962) வரைக்கும், அதைத் தாண்டியும் அப்படித்தான். கொஞ்சம் மூக்கோடு சேர்ந்த, கனமான குரல். கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டாலும் அந்த முகம் தெரியும்.

அடுத்த விஷயம், முதலாளித்தனம். புருஷனும் பொண்டாட்டியுமா சேர்ந்து மகன் பெயரில் பரணி பிக்சர்ஸ் ஆரம்பிச்சாங்க. முதலில் 'ரத்னமாலா', 1949-ல் 'லைலா மஜ்னு'. அப்புறம் சாலிகிராமத்தில் பரணி ஸ்டூடியோ. 1953-ல் 'சண்டிராணி'. கதாநாயகி அவர், அதுவும் இரட்டை வேஷம். இயக்கமும் அவரே. தெலுங்கு, தமிழ், இந்தின்னு மூணு மொழியில். தென்னிந்தியாவின் முதல் பெண் இயக்குனர்னு சிலர் எழுதுறாங்க, அது தப்பு. 1936-லேயே 'மிஸ் கமலா'வை இயக்கிய டி.பி. ராஜலட்சுமி நம்ம ஊர்ல இருக்கார். ஆனா ஒரே சமயத்தில் மூணு மொழியில் படம் பண்ணின துணிச்சலுக்கு எந்தப் பட்டமும் தேவையில்லை. 'சக்ரபாணி' (1954) படத்துக்கு இசையும் அவரே போட்டார். 'அஷ்டாவதானி'ன்னு கூப்பிட்டாங்கன்னா சும்மா இல்லை.

இப்ப திமிர் மேட்டருக்கு வருவோம். இதுக்கு எல்லாரும் காட்டுற சாட்சி ரெண்டு.

ஒண்ணு, 'மிஸ்ஸம்மா' (1955), தமிழில் 'மிஸ்ஸியம்மா'. முதலில் நாயகி பானுமதிதான். கொஞ்சம் படமும் எடுத்தாச்சு. ஒருநாள் வீட்டில் வரலட்சுமி பூஜை, ஷூட்டிங்குக்கு லேட். தயாரிப்பாளர் சக்ரபாணி மன்னிப்புக் கேட்கச் சொன்னார். இவர் முடியாதுன்னார். எடுத்ததைத் தூக்கிப் போட்டுட்டு, இரண்டாவது நாயகியா இருந்த சாவித்திரியை நாயகியாக்கினாங்க, சாவித்திரி பண்ண வேண்டிய வேஷம் ஜமுனாவுக்குப் போச்சு. மத்தது சரித்திரம்.

ரெண்டாவது 'நாடோடி மன்னன்' (1958). எம்ஜிஆரே தயாரிப்பாளர், இயக்குனர், ரெண்டு வேஷம் வேற. பானுமதிக்கும் அவருக்கும் ஒத்துப்போகலை. பாதிப் படத்தில் பானுமதி பாத்திரம் செத்துப் போகும், கலர் பகுதியில் சரோஜாதேவி வருவார். சின்ன வயசுல இந்தப் படம் பார்த்துட்டு, ஹீரோயின் ஏன் பாதியில செத்துப் போச்சுன்னு அழுதவன் நான். காரணம் கதைக்கு வெளியே இருந்திருக்கு.

ரெண்டு சம்பவத்திலும் தயாரிப்பாளர் பக்கம் நியாயமே இல்லைன்னு சொல்ல வரலை. எடுத்த பிலிமைத் தூக்கிப் போடுறதுன்னா பணம், செட்டுல காத்துக்கிட்டு இருக்கிறவங்க பிழைப்பு. ஆனா ஒண்ணு கவனிச்சீங்களா? மிஸ்ஸியம்மா சண்டையில வளைஞ்சு கொடுக்காதவங்க ரெண்டு பேர். சக்ரபாணியைப் பத்திப் பேசும்போது "மனுஷன் கறாரான ஆளு"ங்கறோம். திருப்தி வர்ற வரைக்கும் திரும்பத் திரும்ப எடுத்த எம்ஜிஆரை "பர்ஃபெக்‌ஷனிஸ்ட்"ங்கறோம். அதே பிடிவாதத்துக்கு பானுமதிகிட்ட வந்தா மட்டும் பேரு திமிர்!

'ரங்கோன் ராதா' (1956) கதையையே எடுத்துக்குங்க. அண்ணா எழுதின நாவல், கலைஞர் வசனம். மச்சினியைக் கட்டிக்கணும்னு ஆசைப்படுற புருஷன் (சிவாஜி), பொண்டாட்டிக்குப் பேய் பிடிச்சிருச்சுன்னு ஊரை நம்ப வைக்கிறான். அவ கத்தினாலும் பேய், அழுதாலும் பேய், நியாயம் பேசினாலும் பேய். ஒரு தடவை பேர் வெச்சுட்டா, அப்புறம் அவ என்ன செஞ்சாலும் அது அந்தப் பேருக்கே சாட்சியாயிடும். அந்தப் படத்தைப் பார்த்துக்கிட்டே நாங்க ரெண்டு ஆம்பளைங்க சோபாவில உட்கார்ந்து "திமிர் ஜாஸ்தி"ன்னு பேசிக்கிட்டு இருந்திருக்கோம். பாட்டிக்கு மட்டும் புரிஞ்சிருக்கு.

இவ்வளவு கம்பீரமான அம்மா எழுதினது என்னன்னு பார்த்தா இன்னும் ஆச்சரியம். 'அத்தகாரி கதலு'. மாமியார் கதைகள். மடி, ஆசாரம், வெகுளித்தனம் எல்லாம் கலந்த ஒரு மாமியார் அடிக்கிற கூத்தை மருமகள் சொல்ற மாதிரி நகைச்சுவைக் கதைகள். என் தெலுங்கு ரூம்மேட் படிச்சுப் படிச்சு எனக்குச் சொன்னான், சிரிச்சு சிரிச்சு அவனுக்கே மூச்சு வாங்கிச்சு. அந்த மருமகளுக்கு மாமியார்கிட்ட வாயைத் திறக்கவே தயக்கம்! சொந்தமா ஸ்டூடியோ வெச்சிருந்தவர், சமையல்கட்டு வாசல்ல நிக்கிற மருமகளோட குரல்ல எழுதியிருக்கார். திமிர் பிடிச்ச ஆளால தன்னைத் தானே இப்படிக் கிண்டல் பண்ணிக்க முடியுமான்னு தெரியலை. இதுக்கு ஆந்திர சாகித்ய அகாதமி விருதும் கிடைச்சது. சுயசரிதை பேரு 'நாலோ நேனு', அதாவது 'எனக்குள் நான்'.

1966-ல் பத்மஸ்ரீ, 2001-ல் பத்மபூஷண். நடுவுல சென்னை அரசு இசைக் கல்லூரி முதல்வர். நம்ம தலைமுறைக்கு அவரைத் தெரிஞ்சது 'செம்பருத்தி' (1992) பாட்டியாத்தான். 2005 டிசம்பர் 24-ல் சென்னையில் காலமானார்.

கடைசியா ஒரு பாவமன்னிப்பு. முன்னாடி வேலை பார்த்த இடத்தில் எங்க டீமில் ஒரு அக்கா இருந்தாங்க. டெஸ்ட் பண்ணாத கோடை ரிலீஸ் பண்ண விடவே மாட்டாங்க. "முடியாது"ன்னா முடியாதுதான். அப்ரைசல் சமயத்தில் மேனேஜர் என்கிட்ட கேட்டார், "அவங்ககூட வேலை பார்க்கிறது கொஞ்சம் கஷ்டம், இல்லே?" நான் வழக்கம்போலத் தலையாட்டினேன். அவங்க தடுத்து நிறுத்தினதால என் தலை தப்பின ராத்திரிகள் எனக்குத் தெரியும். இருந்தும் ஆட்டினேன். அந்த வருஷம் அவங்களுக்குப் புரமோஷன் வரலை.

அவங்ககிட்டயும் சொந்தமா ஒரு பரணி ஸ்டூடியோ இருந்திருந்தா என் தலையாட்டல் அவங்களை ஒண்ணும் பண்ணியிருக்காது. பாட்டி கேள்விக்கு எனக்குக் கிடைச்ச பதில் இவ்வளவுதான். இந்த வாரம் அந்த அக்காவுக்கு ஒரு போன் போடணும்.